ஹௌட்டன் ஓவியங்களின் விலை: தனியார் கலைச் சேகரிப்புகளின் மதிப்பீடும் காப்புறுதியும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கலைச் சேகரிப்பு ஒன்றன் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர் எவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை எதிர்கொள்கிறார். இன்ன சேகரிப்பு இன்ன ஆண்டில் இத்தனை பவுண்டு மதிப்புடையதாக இருந்தது என்று நூல்கள் கூறுகின்றன. அவ்வெண்ணை எடுத்தெழுதிவிட்டு நாமும் அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறோம். அதனை யார் கூறினார், யாருக்காகக் கூறினார், எந்த வினாவுக்கு விடையாகக் கூறினார் என்று வினவும் வழக்கம் நம்மிடையே குறைவு. சோழர் செப்புத்திருமேனி ஒன்று அயல்நாட்டில் பல இலட்சம் டாலருக்கு விலைபோனது என்னும் செய்தியை வகுப்பறையில் பெருமிதத்தோடு கூறும் ஆசிரியர்களை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு கூறியதுண்டு. அப்பெருமிதத்தின் அடிப்படை எத்துணை உறுதியானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீட்டுத் தொழிலில் பயின்றோர் ஒரு பொருளுக்கு ஒரே மதிப்பு உண்டென்று கொள்வதில்லை. சேகரிப்பாளர் ஒருவர் மதிப்பீட்டாளரை அழைக்கும்போது அவர் முதலில் கேட்பது, "எதன்பொருட்டு?" என்பதேயாம். விருப்பமுள்ள விற்போனும் விருப்பமுள்ள வாங்குவோனும் நெருக்கடி ஏதுமின்றி ஒப்பும் விலை சந்தை மதிப்பு எனப்படும். வரித்துறைக்கு வேண்டுவது அது. இழந்த பொருளுக்கு ஈடான ஒன்றைக் கலைவணிகரிடம் தாமதமின்றி வாங்குவதற்கு ஆகும் தொகை மாற்றீட்டு மதிப்பு. காப்புறுதிக்கு வேண்டுவது இது. பின்னது முன்னதைவிடப் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். கடன் நெருக்கியதால் அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கும் தொகை இவ்விரண்டினும் குறைவு. ஒரே ஓவியம், ஒரே நாள், மூன்று எண்கள், மூன்றும் பொய்யல்ல. வரலாற்று நூல்களில் நாம் காணும் எண் இவற்றுள் எது என்பதை அறியாத வரையில் அதனைக் கொண்டு எதனையும் நிறுவ இயலாது.

ஹௌட்டன் மாளிகை

பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் சர் ராபர்ட் வால்போல் (1676–1745) நார்போக் மாநிலத்தில் 1722ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய மாளிகை ஹௌட்டன். அதன் சுவர்களுக்காக அவர் ஐரோப்பாவெங்கும் முகவர்களை வைத்து ஓவியங்களைத் திரட்டினார். அவருடைய இளைய மகனும் எழுத்தாளருமான ஹோரஸ் வால்போல், தந்தையின் சேகரிப்புக்கு விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். ஆங்கில நாட்டில் தனியார் சேகரிப்பு ஒன்றற்கு அவ்வளவு விரிவாக எழுதப்பட்ட தொடக்ககாலப் பட்டியல்களுள் அது ஒன்று. பிற்கால மதிப்பீட்டுக்கு அப்பட்டியல் பெருந்துணையாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஓவியம் எங்கிருந்து வந்தது, முன்னர் யாரிடம் இருந்தது என்னும் விவரம் எழுத்தில் இருப்பின் விலையும் உயரும். இன்றளவும் அதுவே நிலை.

அப்பட்டியலில் உள்ள ஒரு செய்தி நமக்கு இங்கே பயன்படும். கைடோ ரேனி தீட்டிய, திருச்சபையின் மறைவல்லுநர்கள் கூடி விவாதிக்கும் பெரிய ஓவியம் ஒன்றை வால்போல் இத்தாலியில் வாங்கினார். கப்பலேற்றுவதற்காக அது துறைமுகம் வரை சென்றுவிட்ட நிலையில், உரோமை விட்டு வெளியேறத் தகாத சிறப்புடையது என்று கூறி அப்போதைய போப்பரசர் பதின்மூன்றாம் இன்னசென்ட் அதனைத் திருப்பி வரவழைத்தார். வாங்கியவர் யார் என்று அறிந்தபின் அவரே ஏற்றுமதிக்கு இசைவளித்தார். நாட்டின் கலைச்செல்வம் வெளியேறுவதைத் தடுக்கும் அதிகாரமும், வலியோர்க்காக அவ்வதிகாரம் தளரும் வழக்கமும் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

வால்போல் பெருங்கடனை விட்டு மறைந்தார். அவருடைய பேரரும் மூன்றாம் ஆர்போர்டு பிரபுவுமாகிய ஜார்ஜ் காலத்தில் கடன் மேலும் முற்றியது. பிரபுவின் மனநலமும் அவ்வப்போது குன்றியிருந்தது. ஓவியங்கள் விற்கப்படக்கூடும் என்னும் பேச்சு எழுந்தபோது, 1777ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஜான் வில்க்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, இச்சேகரிப்பை நாடே வாங்கிப் பொதுமக்கள் காண ஒரு கலைக்கூடம் அமைக்க வேண்டும் என்று வாதாடினார். அமெரிக்கக் குடியேற்றங்களோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, இலண்டனில் 1766இல் ஏல நிறுவனம் தொடங்கியிருந்த ஜேம்ஸ் கிறிஸ்டி மதிப்பீட்டுக்காக அழைக்கப்பட்டார். உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் தூதர் முசின்-புஷ்கின் வழியாகப் பேச்சுவார்த்தை நிகழ்ந்தது. 1779இல் 204 ஓவியங்கள் 40,555 பவுண்டுக்குப் பேரரசிக்கு உரியவாயின. கிங்ஸ் லின் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றடைந்தன.

இந்த 40,555 என்னும் எண்ணே ஹௌட்டன் சேகரிப்பின் மதிப்பாக நூல்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. அஃது எவ்வினாவுக்கு விடை? கடனில் ஆழ்ந்த ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதையும் பொது ஏலமின்றி ஒரே கொள்வோர்க்கு விற்பதாயின் என்ன கேட்கலாம் என்னும் வினாவுக்கு அது விடை. ஏலத்தில் தனித்தனியே விட்டிருந்தால் வேறு தொகை வந்திருக்கும். ஒரே நேரத்தில் இத்தனை பெரும் ஓவியங்கள் சந்தைக்கு வருமாயின் விலை சரியும் என்பதையும் கிறிஸ்டி போன்ற தொழில்முறை ஏலக்காரர் நன்கறிவர். இத்தகைய சரிவுக்கென்று ஒரு கழிவைக் கணக்கிடுவது இன்று மதிப்பீட்டில் வழக்கமாகிவிட்டது. வில்க்சு எழுப்பிய வினா வேறு. ஒரு நாட்டிற்கு இச்சேகரிப்பு எவ்வளவு மதிப்புடையது என்று அவர் கேட்டார். அதற்கு எவரும் எண்ணால் விடை தரவில்லை. எழுதப்படாத எண்ணை வரலாற்று நூல்கள் மேற்கோள் காட்டுவதில்லை.

மதிப்பீட்டுப் பட்டியலின் உள்ளடக்கமும் கருத்தூன்றிக் காணத்தக்கது. அதில் மிகுந்த விலை பெற்றது மேற்கூறிய கைடோ ரேனியின் ஓவியமே. அதற்கு 3,500 பவுண்டு. பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தைக் காட்டும் ரூபென்சின் பேரோவியத்திற்கு 1,600 பவுண்டு. ரெம்பிராண்ட் தீட்டிய, ஆபிரகாம் தன் மகனைப் பலியிட முனையும் காட்சிக்கு 300 பவுண்டு. அதாவது ஒரு ரேனிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ரெம்பிராண்டுகள் ஈடாகும்! இன்றைய வாசகர் இதனைக் கண்டு நகைக்கலாம். ஆயின் அன்றைய சுவையுணர்வில் இத்தாலியப் போலோஞா மரபே ஓவியக் கலையின் கொடுமுடி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரஸ்கின் போன்ற திறனாய்வாளர்கள் அம்மரபைக் கடுமையாகச் சாடிய பின்னரே ரேனியின் புகழ் வீழ்ந்தது. ரெம்பிராண்டின் புகழோ வளர்ந்துகொண்டே சென்றது. கிறிஸ்டி தவறாக மதிப்பிடவில்லை. 1778ஆம் ஆண்டின் வினாவுக்கு 1778ஆம் ஆண்டின் விடையைக் கூறினார்.

தீயும் கடலும்

ஓவியங்கள் சென்ற பத்தாண்டுகளுக்குப் பின், 1789இல், ஹௌட்டன் மாளிகையில் தீப்பிடித்தது. ஓவியக்கூடம் அமைந்திருந்த வடபுறக் கட்டடமே எரிந்தொழிந்தது. விற்பனையை நாட்டுக்கு இழுக்கு என்று கருதி வருந்தியோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு புதிரை விட்டுச்சென்றது. விற்கப்படாதிருந்தால் அக்கூடத்தில் தொங்கிய ஓவியங்கள் சாம்பலாகியிருக்கும். 1837இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குளிர்கால அரண்மனை எரிந்தபோது அடுத்திருந்த எர்மிடாஜ் காப்பாற்றப்பட்டது என்பதையும் இங்கே இணைத்து நோக்கலாம். எங்கே வைத்தால் ஓவியம் தப்பும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது. இந்த இயலாமையின்மீது எழுந்த தொழிலே காப்புறுதி.

இலண்டனில் தீக்காப்புறுதி, 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னர்த் தோன்றியது. கடற்காப்புறுதி அதனினும் மிகப் பழைமையானது. எட்வர்ட் லாயிட் என்பார் 1680களின் பிற்பகுதியில் நடத்திய காப்பிக்கடையில் கப்பல் உரிமையாளரும் பணமுடையோரும் கூடினர். ஒரு பயணத்தின் இடரைப் பகுதி பகுதியாக ஏற்போர் ஒப்பந்தத் தாளின் அடியில் கையொப்பமிட்டனர். அக்கடையின் பெயரே இன்றும் வழங்கும் லாயிட்சு காப்புறுதிச் சந்தைக்கு நிலைத்தது.

கலைப்பொருட்காப்புறுதியின் கருவாக அமைந்த கோட்பாடும் கடற்காப்புறுதியிலிருந்தே வந்தது. பொதுவாகக் காப்புறுதி இழப்பீடு என்பது, இழப்பு நேர்ந்த நாளில் பொருள் எவ்வளவு பெறுமோ அவ்வளவே. ஆனால் நடுக்கடலில் மூழ்கிய சரக்கின் அன்றைய விலையை எங்ஙனம் கண்டறிவது? ஆகவே பயணத்திற்கு முன்பே இரு தரப்பாரும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதினர். வஞ்சகம் இல்லாத வரையில் அத்தொகையே இறுதியானது என்பதை 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்புறுதிச் சட்டம் உறுதிப்படுத்தியது. இன்று ஓவியங்களுக்கு வழங்கப்படும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' ஒப்பந்தம் இதன் வழித்தோன்றலே. மூழ்கிய சரக்கைப் போலவே, எரிந்த ஓவியத்தையும் மீண்டும் பார்த்து விலை கூற முடியாதல்லவா?

முன்கூட்டி எண் எழுதும் இம்முறையின் இருண்ட பக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. 1781இல் சோங் என்னும் அடிமைக் கப்பலிலிருந்து நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் உயிருடன் கடலில் வீசப்பட்டனர். கப்பல் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்புறுதி இழப்பீடு கோரினர். 1783இல் நீதிமன்றத்திற்கு வந்த வழக்கு, கொலை வழக்காக அன்றிக் காப்புறுதி வழக்காகவே நடைபெற்றது. அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்கிற்காக லாயிட்சு நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. எண் எழுதப்பட்டதனாலேயே ஒன்று பொருளாகிவிடும் என்பதை இவ்வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

வில்க்சு கேட்ட தேசியக் கலைக்கூடம் 1824இல்தான் பிறந்தது. அதன் தோற்றம் நம் பொருளோடு வியத்தகு முறையில் பிணைந்துள்ளது. ஹௌட்டன் ஓவியங்கள் சென்றடைந்த அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, இளமையில் இலண்டன் வந்து, லாயிட்சில் காப்புறுதி ஏற்போராக உயர்ந்து அதன் தலைவராகவும் விளங்கியவர் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன். அவர் முதலில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் எனின் பிறர் தயங்காமல் கையொப்பமிடுவர். அத்தகைய ஒப்பந்தங்களுக்கு 'ஜூலியன்' என்றே பெயர் வழங்கியது. கிரெனடாத் தீவின் அடிமைத் தோட்டங்களோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 1823இல் அவர் மறைந்தபின் அவருடைய 38 ஓவியங்களை அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கி, அவருடைய பால் மால் வீட்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவைத்தது. இலண்டன் தேசியக் கலைக்கூடத்தின் தொடக்கம் இதுவே. 1779இல் 204 ஓவியங்கள் 40,555 பவுண்டு. 1824இல் 38 ஓவியங்கள் 57,000 பவுண்டு. இடையில் பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் ஐரோப்பியச் சேகரிப்புகளைச் சிதறடித்து இலண்டன் சந்தையை வளர்த்துவிட்டிருந்தன. நாணயத்தின் பெறுமானமும் மாறியிருந்தது. ஆகவே இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். எனினும் மறுத்த வாய்ப்பு மலிவாக மீண்டும் வருவதில்லை என்பது மட்டும் புலனாகிறது.

வரி, கிழிசல், வெற்றுச் சட்டங்கள்

தீ, கடல் ஆகியவற்றோடு நின்றிருந்த காப்புறுதி, 1880களில் கத்பர்ட் ஹீத் என்பாரின் முயற்சியால் லாயிட்சில் களவுக்கும் விரிந்தது. தனியார் வீட்டின் நகையும் ஓவியமும் பரவலாகக் காப்புறுதி பெற வழி பிறந்தது இதனால்தான்.

ஹௌட்டன் ஓவியங்களின் கதை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அந்நியச் செலாவணி தேடிய சோவியத் அரசு 1930–31ஆம் ஆண்டுகளில் எர்மிடாஜின் 21 ஓவியங்களை அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரு மெலனுக்கு மறைமுகமாக விற்றது. மொத்தத் தொகை சுமார் 66 இலட்சம் டாலர். அவற்றுள் சில ஒரு காலத்தில் வால்போல் வீட்டுச் சுவரில் இருந்தவை. மெலன் வாங்கியவற்றுள் ஐந்து ஓவியங்களைத் தாம் நிறுவிய அறக்கட்டளைக்குக் கொடையளித்ததாகக் கூறி, சுமார் 32 இலட்சம் டாலருக்கு வரிக்கழிவு கோரினார். அரசு அதனை ஏற்க மறுத்தது. ஓவியங்கள் இன்னும் அவர் வசமே இருக்கும்போது கொடை எங்ஙனம் நிகழ்ந்தது என்பது வழக்கு. மெலன் 1937 ஆகஸ்டில் மறைந்தார். வஞ்சகம் ஏதும் இல்லை என்னும் தீர்ப்பு அவ்வாண்டு இறுதியில்தான் வந்தது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அவ்வோவியங்களோடு 1941இல் திறக்கப்பட்டது. இத்தகைய வழக்குகள் பெருகவே, கொடையளிப்போர் தத்தம் ஓவியங்களுக்கு மிகையான விலை கூறுவதைச் சீர்தூக்க அமெரிக்க வரித்துறை 1968இல் ஒரு கலை அறிவுரைக் குழுவை அமைத்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொடைக்கு மதிப்பிடும்போது உரிமையாளர் எண் உயர வேண்டும் என்று விரும்புகிறார். இறப்பு வரிக்கு மதிப்பிடும்போது அதே குடும்பம் எண் தாழ வேண்டும் என்று விரும்புகிறது.

காப்புறுதியில் முழு இழப்பைவிடப் பகுதிச் சேதமே கடினமான வினாக்களை எழுப்புகிறது. பிக்காசோ 1932இல் தீட்டிய 'லெ ரேவ்' என்னும் ஓவியத்தை விக்டர்–சாலி கான்ஸ் இணையர் 1941இல் 7,000 டாலருக்கு வாங்கினர். 1997இல் அது ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோனது. பின்னர் அதனை வாங்கிய லாஸ் வேகஸ் தொழிலதிபர் ஸ்டீவ் வின், 2006இல் 13 கோடியே 90 இலட்சம் டாலருக்கு விற்க உடன்பட்டார். விற்பனை முடிவதற்குள் நண்பர்களுக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய முழங்கை பட்டுத் திரை கிழிந்தது. பழுது நீக்கியபின் ஓவியத்தின் மதிப்பு 8 கோடியே 50 இலட்சம் என்று கணக்கிடப்பட்டது. எஞ்சிய 5 கோடியே 40 இலட்சம் டாலரைக் கோரி அவர் லாயிட்சுக் காப்புறுதியாளர்மீது 2007இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2013இல், முன்னர் வாங்க முன்வந்த அதே சேகரிப்பாளரே அதனை 15 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கினார் என்று செய்திகள் வெளிவந்தன. அங்ஙனமாயின் 2006இல் நேர்ந்த மதிப்பிழப்பு எங்கே போயிற்று? அது பொய்யா? அன்று என்பதே நம் கருத்து. கிழிசல் நேர்ந்த மறுநாள் விற்பதாயின் என்ன கிடைக்கும் என்பது ஒரு வினா. ஏழாண்டு கழித்து, சந்தை உயர்ந்த நிலையில், விரும்பிக் காத்திருந்த ஒருவருக்கு விற்பது வேறு வினா.

காப்புறுதியின் எல்லையைக் காட்டும் மற்றொரு நிகழ்வு பாஸ்டன் நகரத்தது. இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் என்னும் சீமாட்டி தம் தனிச் சேகரிப்பை 1903இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். தாம் அமைத்த அமைப்பில் எதனையும் மாற்றலாகாது என்பது அவருடைய உயிலின் நிபந்தனை. 1990 மார்ச் 18 அன்று காவலர் உடையில் நுழைந்த இருவர் 13 கலைப்பொருள்களைக் களவாடிச் சென்றனர். களவுக்குக் காப்புறுதி செய்யப்படவில்லை. செய்திருந்தாலும் கிடைக்கும் பணத்தைக் கொண்டு வேறு ஓவியம் வாங்கி அவ்விடத்தில் மாட்ட உயில் இடங்கொடாது. எனவே வெற்றுச் சட்டங்கள் இன்றும் அச்சுவர்களிலேயே தொங்குகின்றன. மாற்றீட்டு மதிப்பு என்னும் கருத்தே அங்கே செல்லாது. மாறாக, 1994இல் பிராங்பர்ட் கண்காட்சியில் டேட் கலைக்கூடத்தின் இரு டர்னர் ஓவியங்கள் களவுபோனபோது 2 கோடியே 40 இலட்சம் பவுண்டு இழப்பீடு கிட்டியது. இழப்பீடு வழங்கப்பட்டபின் பொருளின் உரிமை காப்புறுதியாளரைச் சேரும் என்பது விதி. டேட் 1998இல் 80 இலட்சம் பவுண்டு செலுத்தி, இன்னும் மீளாத ஓவியங்களின் உரிமையை அவர்களிடமிருந்து திரும்ப வாங்கியது. 2000, 2002ஆம் ஆண்டுகளில் இரண்டும் மீண்டன. காணாமற்போன பொருளின் உரிமைக்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நம் நாட்டுச் சூழலில் பழம்பொருள் வைத்திருப்போர்க்கு ஒரு சிறு குறிப்பை இடையே சொல்லிச் செல்ல விரும்புகிறோம். கலைப்பொருட்காப்புறுதி பொதுவாகத் திடீர் நிகழ்வுக்கே பொறுப்பேற்கும். ஈரப்பதத்தால் மெல்லப் படரும் பூஞ்சை, கறையான், பொருளின் இயல்பிலேயே உள்ள குறைபாடு ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் விலக்கப்பட்டிருக்கும். ஓலைச்சுவடிக்கும் பழைய இதழ்த் தொகுதிக்கும் நம் தட்பவெப்பத்தில் உண்மையான பகைவர் இவையே. ஆகவே சந்தா கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒளிப்படமெடுத்து, அளவும் நிலையும் எழுதிப் பட்டியலிடுதல் முதற்கடமை. ஹோரஸ் வால்போல் செய்தது அதுதான்.

பத்தூர் நடராசர்

இதுவரை கூறிய வழக்குகள் அனைத்திலும் ஒன்று ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக இருந்தது. பொருள் உரிமையாளருடையது என்பதே அது. அவ்வடிப்படையே ஆட்டங்காணும்போது மதிப்பீட்டின் நிலை என்ன? இதற்கு விடை காணத் தஞ்சை மண்ணுக்குத் திரும்ப வேண்டியுள்ளது.

1976இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த விசுவநாத சுவாமி கோயிலருகே மண் தோண்டிய கூலித்தொழிலாளி ஒருவர் செப்புத்திருமேனிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தது. 1982இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் என்னும் நிறுவனம் பொய்யான உடைமை வரலாற்றை நம்பி, நல்லெண்ணத்துடன், சுமார் 2,50,000 பவுண்டு கொடுத்து அதனை வாங்கியது. பழுதுபார்க்க அனுப்பப்பட்ட வேளையில் இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது.

வழக்கில் எழுந்த வினா விலையைப் பற்றியதன்று. இலண்டன் நீதிமன்றத்தில் இத்திருமேனி பத்தூரிலிருந்து வந்ததா என்று அறிய உலோகம், மண், பூச்சியரிப்பின் தடயம் ஆகியவற்றை ஆய்ந்த வல்லுநர்கள் சான்றளித்தனர். உரிமை கோரியோர் வரிசையில் பாழடைந்த அக்கோயிலும் இருந்தது. வழிபாடற்றுக் கிடந்த ஒரு சிற்றூர்க் கோயில் ஆங்கில நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா? இந்தியச் சட்டப்படி கோயில் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக மதிக்கப்படுவதால், தகுதியுடைய ஒருவர் வழியாக இங்கும் வழக்காடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் முடிவு கூறியது. கோயிலின் உரிமையே மேலானது என்று தீர்ப்பாயிற்று. அவ்வாண்டே நடராசர் தமிழகம் திரும்பினார்.

பம்பர் நிறுவனத்தின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். திருமேனி எரியவில்லை, உடையவில்லை, களவும் போகவில்லை. எனினும் வாங்கியவர்க்கு மதிப்பு முழுவதும் அழிந்தது. வழக்கமான கலைப்பொருட்காப்புறுதி பொருளுக்கு நேரும் பருப்பொருட்சேதத்தையே காக்கும். உரிமைக் குறைபாட்டை அது பெரும்பாலும் காவாது. உரிமைக்கென்றே தனிக் காப்புறுதி 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியதற்கு இத்தகைய இழப்புகளே காரணம் எனலாம். 2008இல் சிரீபுரந்தான் நடராசரைச் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2014இல் அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தது. நமக்கு அண்மையிலும் இது நிகழ்ந்தது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2007இல் அதே நியூயார்க் வணிகரிடமிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேசுவரி திருமேனியை 2015இல் திருப்பியளித்தது.

இந்தியாவுக்குள்ளும் மதிப்பீட்டாளர்க்கு ஒரு சிக்கல் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யலாகாது. பதிவு செய்தல் வேண்டும். விற்பதாயினும் உள்நாட்டிலேயேதான் விற்க முடியும். ஆகவே சென்னையில் ஒருவர் முறைப்படி வைத்திருக்கும் திருமேனிக்கு நியூயார்க் ஏல விலையை மாற்றீட்டு மதிப்பாகக் காட்டுதல் பொருந்தாது. அந்த விலைக்கு அவர் விற்கவும் முடியாது. பலர் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் அயல்நாட்டு விலைகளுள் கணிசமானவை, வெளியேறியிருக்கக் கூடாத பொருள்கள் வெளியேறியதனால் மட்டுமே உண்டான விலைகள் என்பதை மாணவர்க்குச் சேர்த்துக் கூறவேண்டும்.

1777இல் வில்க்சு கேட்டதற்கும் பத்தூர்க் கோயில் கேட்டதற்கும் இடையே ஓர் ஒற்றுமை தெரிகிறது. இரண்டும் மதிப்பீட்டாளரின் பட்டியலில் இடம்பெறாத கோரிக்கைகள். முன்னது தோற்றது, 2013இல் ஹௌட்டன் ஓவியங்கள் ஒரு கண்காட்சிக்காகத் தம் பழைய சுவர்களுக்கு வந்தபோது அவை எர்மிடாஜ் முதலிய கலைக்கூடங்களின் இரவல்களாகவே வந்தன, சில திங்களில் திரும்பிச் சென்றன. பின்னது வென்றது. வென்றும், மீண்டு வந்த நடராசர் பத்தூரில் குடிபுகவில்லை. காவலற்ற சிற்றூரில் மீண்டும் களவுபோகக்கூடும் என்பதனால் திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார்.